கை காட்டினால் நிற்கும் குதிரையோடு அயனம்பாக்கம்

குதிரையேற்ற முகாமுக்குப் போய்வந்தேன் என்று தெரிந்ததும் ஆபீசில் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். எப்படிப் போவது, என்ன செலவு, சாப்பாடு நன்றாக இருக்குமா என்று ஒரே கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன். போக நினைப்பவர்கள் முழுவதும் படித்துவிட்டுப் போகவும். பாதியில் நிறுத்திவிட்டுப் போனால் என் கதிதான்.

போனது இந்த மாசி மாதம். போன காரணம் பொழுதுபோக்கு அல்ல. வடக்கே ஒரு ஜமீன் எஸ்டேட்டில் வசூல் இன்ஸ்பெக்டர் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். இருந்தது ஒரே ஓர் இடம். மாதம் நாற்பத்தைந்து ரூபாய், குதிரைப்படி தனி, குடியிருக்க வீடு இலவசம். நான் கடற்கரைப் பக்கம் ஒரு கம்பெனியில் பதினெட்டு ரூபாய்க்குக் கணக்கு எழுதுகிறவன். கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் புரசவாக்கத்தில் மாமனார் வீட்டு மாடி அறையில்தான் வாசம். படியேறும்போது செருப்புச் சத்தம் கேட்டால்கூட மாமனார் கீழிருந்து இருமுவார். அந்த இலவச வீடு என்ற இரண்டு வார்த்தையைப் படித்த அன்றிரவு எனக்கும் என் மனைவிக்கும் தூக்கம் வரவில்லை.

நிபந்தனை இரண்டு. சொந்தக் குதிரை வேண்டும். குதிரையேறத் தெரியும் என்று ஒரு சர்ட்டிபிகேட் வேண்டும். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்கார சார்ஜன்ட் வருஷா வருஷம் அயனம்பாக்கம் ஏரியோரம் எட்டு நாள் முகாம் போடுகிறார், அவர் கையெழுத்தே போதும், கடைசி நாள் நானும் வந்து பார்ப்பேன் என்று எஸ்டேட் மானேஜர் சொல்லியிருந்தார்.

என் பள்ளிக்கூடத்துத் தோழன் துரைக்கண்ணுவும் அதே வேலைக்கு மனுப் போட்டிருந்தான். ஒரே இடத்துக்கு இரண்டு சிநேகிதர்களா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "யாருக்குக் கெடச்சா இன்னா மச்சான்? ஒருத்தன் மேல ஏறுனா இன்னொருத்தன கை தூக்கி உட மாட்டானா?" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்று அதை நினைத்தால் வேறு விதமாகக் கலங்குகிறது.

குதிரை வாங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன், அதில்தான் எல்லாம் இருக்கிறது. துரைக்கண்ணு கிண்டி பந்தயத்தில் கழித்துக்கட்டிய ஒரு உயரமான சிவப்புக் குதிரையை வாங்கினான். எனக்கு அந்த வசதி ஏது? புரசவாக்கத்தை அடுத்த சூளையில் ஒரு ஜட்காக்காரர், பஸ் வந்து பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டதென்று வண்டியை விறகுக்குப் போட்டுவிட்டுக் குதிரையை விற்றுக்கொண்டிருந்தார். பாப்பா என்று பெயர். வெள்ளையில் சாம்பல் புள்ளி போட்ட பெட்டைக் குதிரை. சீட்டுப் பணம் நாற்பது ரூபாயைக் கொடுத்து வாங்கினேன். கயிற்றை என் கையில் கொடுக்கும்போது அவர் சொன்னார்:

"ஒன்னு சொல்ட்றேன் நைனா, அப்பால ஏமாத்திட்டான்னு சொல்லக்கூடாது. எவனாச்சும் கை காட்னா நின்னுடும். ஏயு வருசப் பயக்கம், மாத்த முடியாது. முதுவு பின்னால ரெண்டு தட்டு தட்னா, சவாரி ஏறிட்ச்சுன்னு நெனச்சிகினு கெளம்பிடும்."

மூன்றாவது ஆள் காதர். பெரியமேட்டில் தோல் மண்டி வைத்திருப்பவன். அவனுக்கு வேலையும் வேண்டாம், சர்ட்டிபிகேட்டும் வேண்டாம். நாங்கள் போகிறோம் என்று தன் கறுப்பு மட்டக்குதிரையோடு சேர்ந்துகொண்டான்.

புரசவாக்கத்திலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அமைந்தகரை, கோயம்பேடு, மதுரவாயல், வானகரம் தாண்டி வலது பக்கம் திரும்ப வேண்டும். மொத்தம் ஒன்பது மைல் சொச்சம். வெயில் ஏறும் முன்பு போய்விடலாம் என்பது கணக்கு. போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. காரணம் பாப்பா.

அமைந்தகரைச் சந்தைக்குக் காய் கொண்டுபோன ஒரு அம்மாள் யாரையோ கூப்பிடக் கையைக் காட்டினாள், பாப்பா நின்றாள். குதிகாலால் உதைத்தேன், கெஞ்சினேன். தூண் மாதிரி நின்றாள். துரைக்கண்ணு சிரித்துச் சிரித்துக் குதிரையிலிருந்து விழாத குறை. நான் ஜட்காக்காரர் சொன்னதையெல்லாம் சொன்னேன். சிரிக்க ஒரு விஷயம் கிடைத்ததென்று நானே ஆனந்தமாகச் சொன்னேன். அவன் இறங்கி வந்து அவள் பின்பக்கம் இரண்டு தட்டுத் தட்டினான். உடனே கிளம்பிவிட்டாள்.

பிறகு வழியெல்லாம் இதே விளையாட்டு. துரைக்கண்ணு முன்னால் ஓட்டிப்போய்த் திரும்பி நின்று முஷ்டியைத் தூக்கிப் பார்ப்பான். பாப்பா நிற்க மாட்டாள். துண்டை வீசிப் பார்ப்பான், நிற்க மாட்டாள். இரண்டு கையையும் தூக்குவான். அவனை மதிக்காமல் போவாள். கடைசியில் கோயம்பேட்டுக்கு அப்பால் கண்டுபிடித்துவிட்டான். வலது கையைக் காது உயரத்துக்கு நீட்டி, உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, விரல்களை லேசாக ஆட்ட வேண்டும். ஜட்காவைக் கூப்பிடுகிறவர்கள் அப்படித்தான் காட்டுவார்கள். அப்படிக் காட்டினால் நாலுகால் பாய்ச்சலில் வந்தாலும் நிற்பாள். "இது குதிர இல்ல மச்சான், டிராமு!" என்றான். மூவரும் சிரித்தோம்.

முகாமைப் பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். ஏரியில் தண்ணீர் வற்றி உள்வாங்கிய தரையில் ஏழெட்டுக் கூடாரம். கட்டணம் ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய். கொள்ளும் புல்லும் நம் செலவு. காலையில் கஞ்சி, மத்தியானம் கல் பொறுக்காத அரிசிச் சோறு, ராத்திரி அதே சோற்றில் மிச்சம். வெள்ளைக்காரப் பையன்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்கு வேறு கூடாரம், வேறு சமையல், கறி வாசனை மட்டும் எங்களுக்கும் பொது. சார்ஜன்ட்டுக்கு எங்கள் பெயர் மூன்றும் நாக்கில் நிற்கவில்லை. என்னை எட்டு நாளும் "ஜட்கா" என்றுதான் கூப்பிட்டார்.

கூடாரம் போட்ட இடத்தில் ஊர்க்காரர்கள் வெள்ளரி போட்டிருந்தார்கள். குதிரைகள் கொடியை மிதித்துத் துவைத்துவிட்டன. புல்லுக்கட்டு விற்க வந்த ஒரு பெண்பிள்ளை என்னைப் பிடித்துக்கொண்டாள். "உங்க தொர குதிர ஓட்டிகினு வெளையாட எங்க கொடிதான் கெடச்சிதா? கேக்கப் போனா நாய உட்றாரு. நீயாச்சும் சொல்லேன், படிச்சவன் மாதிரி கீறியே." சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. சர்ட்டிபிகேட் அவர் கையில் அல்லவா இருந்தது! புல்லுக்கு மட்டும் கேட்ட விலையைக் கொடுத்தேன்.

ஆனால் பாப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். நாலாம் நாளே மூங்கில் தடையைத் தாண்டினாள். வண்டியிலேயே காலம் தள்ளியவளுக்கு முதுகில் ஒரே ஆள் என்பது பஞ்சு மாதிரி இருந்திருக்கும். துரைக்கண்ணுவின் பந்தயக் குதிரையோ தடையைக் கண்டாலே பக்கவாட்டில் ஓடியது. ஆறாம் நாள் சார்ஜன்ட் எங்கள் இருவரையும் பார்த்து, "ஜட்கா நம்பர் ஒன்" என்றார். அன்று ராத்திரி துரைக்கண்ணு சரியாகச் சாப்பிடவில்லை. சோறு அப்படி என்று நினைத்தேன்.

எட்டாம் நாள் மானேஜர் குடை பிடிக்க ஓர் ஆளோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கொடிக்கம்பத்தைச் சுற்றி மூன்று வட்டம், பிறகு மூன்று தடை. துரைக்கண்ணு முதலில் போனான். இரண்டாவது தடையில் குதிரை ஒருமுறை மறுத்து, மறுபடி திருப்பி ஓட்டியபோது தாண்டியது. பிறகு நான். முதல் தடை தாண்டினேன், இரண்டாவது தாண்டினேன். மானேஜர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது என் கண்ணில் பட்டது. மாடிப்படி இல்லாத ஒரு வீடு தெரிந்தது. மூன்றாவது தடைக்குப் பத்தடி இருக்கும்போது பாப்பா நின்றாள். நான் நிற்கவில்லை. அவள் தலைக்கு மேலாகப் போய் மூங்கிலில் விழுந்தேன்.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்று சொல்வார்கள். என் விஷயத்தில் குதிரை தள்ளியதோடு சரி.

எல்லோரும் சிரித்தார்கள். மானேஜரும் சிரித்தார். எல்லைக் கயிற்றைத் தாண்டி முதலில் ஓடிவந்தவன் துரைக்கண்ணு. என்னைத் தூக்கி உட்காரவைத்து மண்ணைத் தட்டிவிட்டான். அவனே சொன்னான்: "உனக்கு ஜே போடலாம்னு கைய தூக்கிட்டேன் மச்சான். அது கை காட்னா நிக்கும்னு அந்த நேரத்துல மறந்தே பூட்ச்சு. எங்கம்மா சத்தியமா." அவன் கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. நான் தடையைப் பார்த்து வந்தவன், கையைப் பார்க்கவில்லை. நம்பினேன். வேலை அவனுக்குத்தான் என்று அன்று சாயங்காலமே மானேஜர் சொல்லிவிட்டுப் போனார்.

கூடாரத்தில் என் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே காதர் சொன்னான்: "நான் அவன் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். ஜே போட்ற கை அப்டி இருக்காதுப்பா."

எனக்கு வந்ததே கோபம்! பதினெட்டு வருஷத்துச் சிநேகிதத்தில் மண்ணைப் போடுகிறாயா, உனக்கு வேலை தேட வேண்டிய கஷ்டம் இருந்தால் இப்படிப் பேசுவாயா, பணக்காரனுக்கு எல்லாம் விளையாட்டு என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளிவிட்டேன். காதர் கிண்ணத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தான். பொழுது விடிந்ததும் தன் குதிரைக்குச் சேணம் பூட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டான்.

துரைக்கண்ணுவும் சீக்கிரமே போய்விட்டான். நான் முழங்கால் வலியோடு எட்டு மணிக்குமேல் கிளம்பி, வானகரத்தில் டீ குடித்துவிட்டு மெதுவாக வந்துகொண்டிருந்தேன். மதுரவாயல் தாண்டிப் புளியமர நிழலில் ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. தலையில் துண்டு, முகம் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் நிழலை விட்டு ரோட்டுக்கு வந்தான். கூப்பிடவில்லை, சத்தம் போடவில்லை. வலது கையைக் காது உயரத்துக்கு நீட்டினான். உள்ளங்கையைக் கீழே கவிழ்த்தான். விரல்களை லேசாக ஆட்டினான்.

பாப்பா நின்றாள்.

துண்டை எடுத்தான். துரைக்கண்ணு.

"குதிர நொண்டிகினு வந்துச்சு மச்சான். மதுரவாயல்ல லாடக்காரன்கிட்ட உட்டுட்டேன், ரெண்டு நாளு ஆவுமாம். பஸ்காரனும் நிக்காம பூட்டான். சாய்ங்காலத்துக்குள்ள மானேஜர் ஆபீசுக்குப் போவணும்."

"மறந்துட்டேன்னு சொன்னியே" என்றேன்.

"எத?"

"கைய."

தன் கையைப் பார்த்தான். அது இன்னும் பாதி நீட்டியபடியே இருந்தது. மெதுவாக இறக்கிக்கொண்டான். "ஒரு எடந்தான மச்சான் இருந்திச்சு" என்றான். மன்னிப்பு மாதிரியும் இல்லை, சண்டை மாதிரியும் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னான். என் பின்னால் ஏறி உட்கார்ந்து, பாப்பாவை இரண்டு தட்டுத் தட்டினான். அவள் கிளம்பிவிட்டாள்.

அவனைப் பிடித்துக் கீழே தள்ளியிருக்க வேண்டும். தள்ளவில்லை. அமைந்தகரை வரைக்கும் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான். அமைந்தகரையில் இறங்கி, "வர்றேன் மச்சான்" என்றான். வெட்கமில்லாமல் நானும் தலையாட்டினேன்.

சரி, போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மாசியில் போகாதீர்கள், தை மாதமானால் ஏரியில் தண்ணீர் இருக்கும், தூசி குறைவு. குதிரை இல்லாமல் பார்க்கப் போகிறவர்கள் ரயிலில் அம்பத்தூரில் இறங்கி நடக்கலாம். கொள்ளுத் தீனியைப் பட்டணத்திலேயே வாங்கிக்கொண்டு போங்கள், முகாமில் விலை இரட்டிப்பு. வெள்ளரிக் கொடியை மிதிக்காமல் கட்டுங்கள். பழைய குதிரை வாங்கினால் அது முன்பு என்ன தொழில் செய்தது, எதற்கு நிற்கும், எதற்குக் கிளம்பும் என்று விற்கிறவரிடம் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டதைக் கூட வருகிறவரிடம் சொல்லிச் சிரிக்காதீர்கள்.

பாப்பாவை விற்க மனம் வரவில்லை. தீனி போடுகிறோமே, சும்மா நிற்கிறதே என்று ஆபீசுக்கு அவள்மேல்தான் போகிறேன், மாமனார் இருமுகிறார். பெரியமேடு சுற்றுவழி, ஆனாலும் அந்த வழியாகத்தான் போகிறேன். காதர் மண்டி வாசலில் நிற்பான். என்னையும் பார்க்கிறான், பாப்பாவையும் பார்க்கிறான். நானாகக் கடிவாளத்தை இழுத்து நிறுத்தலாம். இறங்கி என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. அவன் ஒரே ஒரு தடவை கை காட்டினால் போதும், இவள் நின்றுவிடுவாள். அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான்.