அன்று கட்டுக்காவல் என்னுடையது

ஐயனாரைப் பற்றி என்னிடம் யாரும் குறை சொல்ல வேண்டாம். அன்றைக்குக் குளக்கட்டைக் காவல் காத்திருக்க வேண்டியவன் நான். நானும் என் மச்சானும். இதை எழுத வைப்பது ஆத்திரம்தான், வேறொன்றுமில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டம் ஒன்றுக்கு வந்து, ஆளுக்கு மூன்று ஏக்கர் வயலோடு இருந்தோம். எல்லா வயலுக்கும் ஒரே குளம், அதன் தண்ணீரை மறித்து நிற்பது மண்ணால் எழுப்பிய கட்டு. மாரியில் குளம் நிரம்பிவிட்டால் கமக்காரர்கள் இரண்டிரண்டு பேராக முறை வைத்துக் கட்டில் நடப்பார்கள். விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரை ஒரு சோடி, பிறகு அடுத்த சோடி. தோளில் மண்வெட்டி, கக்கத்தில் ஒரு கட்டு வைக்கோல். கட்டின் வெளிச்சரிவில் ஈரம் கசிகிறதா, நண்டு வளைக்குள்ளால் தண்ணீர் வருகிறதா என்று குனிந்து பார்த்தபடி நடக்க வேண்டும். கசிவை உடனே கண்டால் வைக்கோலையும் களிமண்ணையும் திணித்து மிதித்து இரண்டு பேர் அடைத்துவிடலாம். பிந்தினால் இருநூறு பேர் வந்தாலும் சரிவராது.

கட்டின் நடுவில் ஐயனார் கல் இருந்தது. காவலுக்கு ஏறுகிறவன் அதில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் நடக்கத் தொடங்குவான். மாரி முடியும்வரை பெண்கள் கட்டில் ஏறக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடும் இருந்தது. ஏன் என்று நான் கேட்டதில்லை. ஏறக்கூடாதவள் நானில்லையே, எனக்கென்ன வந்தது!

ஒரு மார்கழியில் இந்தியாவிலிருந்து ஒரு பெரிய சினிமா நடிகர் வந்தார். பெயர் வேண்டாம். அந்த மனுசன் எங்களுக்கு ஒரு குற்றமும் செய்யவில்லை, நாங்கள் உயிரோடு இருப்பதே அவருக்குத் தெரியாது. எங்களுக்கோ அவர் கடவுளுக்கு ஒரு படி கீழே, சில நாட்களில் ஒரு படி மேலே. தேத்தண்ணிக் கடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அவருடைய படமும் தொங்கியது, இரண்டுக்கும் ஒரே சாம்பிராணி. என் மச்சான் அவரைப் போலத் தலைமயிரை வளர்த்து, எண்ணெய் வைத்துச் சுருட்டி, சேற்றுக்குள் களை பிடுங்கும்போதும் நெற்றியில் ஒரு சுருளை விழவிட்டிருப்பான். நான் மட்டும் என்ன திறமா? கலியாண வீட்டுக்கென்று வைத்திருந்த ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அவருடைய படம் பார்க்கப் போவேன். மனைவி சிரிப்பாள். அவளுடைய சிரிப்பு சரியாகத்தான் இருந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் மச்சானும் கட்டில் நின்றோம். கீழே தெருவால் சைக்கிளில் போன ஒருவர், நடிகர் பகல் கோச்சியில் யாழ்ப்பாணம் போகிறாராம், கிளிநொச்சி ரயில் ஸ்டேஷனில் கோச்சி நிற்குமாம் என்று கத்திவிட்டுப் போனார். மச்சானுக்கு அதற்குப் பிறகு கால் நிலத்தில் நிற்கவில்லை.

“வா மச்சான், ஒரு எட்டுப் பாத்திட்டு ஓடி வருவம்.”

“விசரே உனக்கு? கட்டை ஆர் பாக்கிறது?”

“ஐயனார் சும்மாவே இருக்கிறார்? இன்னொரு தேங்காயை உடைச்சு விடு. அவர் பாத்துக்கொள்ளுவார்.”

அந்த இரண்டாவது தேங்காயை உடைத்தது நான். என்னுடைய இந்தக் கையால். “வரும் வரைக்கும் பாத்துக்கொள் அப்பனே” என்று கும்பிட்டேன். கும்பிட்ட கையோடு மனதில் இருந்த பாரமெல்லாம் அந்தக் கல்லுக்கு மாறிவிட்டது. என்ன வசதி பாருங்கள்! ஒரு தேங்காயைக் கொடுத்துவிட்டு என் வேலையைக் கடவுளின் தலையில் கட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன். அதற்குப் பெயர் பக்தி என்று வேறு நினைத்துக்கொண்டேன், பேயன்.

ஸ்டேஷனில் சனம் முட்டி வழிந்தது. எங்கள் திட்டத்து ஆட்களே அரைவாசிக்கு மேல். கோச்சி பிந்தித்தான் வந்தது. ஒரு பெட்டியின் யன்னல் கொஞ்சம் திறந்து, வெள்ளையாய் ஒரு கை மட்டும் மணிக்கட்டில் மணிக்கூட்டோடு வெளியே வந்து ஆடியது. முகம் வரவில்லை. அந்தக் கைக்கு எத்தனை பேர் கும்பிட்டார்கள், எத்தனை பேர் அழுதார்கள்! நான் இரண்டு பேரை இடித்து விழுத்திக்கொண்டு போய் அதன் விரலைத் தொட்டேன். “தொட்டிட்டன், தொட்டிட்டன்” என்று கத்தினேன். திரும்பி வரும்போது வழி முழுக்க எங்களுக்குச் சண்டை. அது நடிகரின் கை என்று நான். அது அவரோடு வந்த கணக்கப்பிள்ளையின் கையாக இருக்கும் என்று மச்சான், தனக்குத் தொடக் கிடைக்காத எரிச்சலில்.

குளத்துக்கு அரை மைல் இருக்கும்போதே இரைச்சல் கேட்டது. சண்டை நின்றுவிட்டது.

இரண்டு மாட்டுவண்டி சோடியாகப் போகக்கூடிய அகலத்துக்குக் கட்டு உடைந்திருந்தது. கதிர் வரும் பருவத்தில் நின்ற பயிரின் மேல் மண்ணும் தண்ணீருமாய்ப் பாய்ந்துகொண்டிருந்தது. உடைப்பின் ஓரத்தில், இடுப்புவரை சேற்றோடு ஒரு பெண் நின்றார். பளையிலிருந்து வந்து குடியேறியவர். புருசன் வந்த இரண்டாம் வருசமே காய்ச்சலில் போய்விட்டார், இரண்டு சின்னப் பிள்ளைகள். உடைப்புக்கு நேர் கீழேதான் அவருடைய வயல். கசிவை முதலில் கண்டவர் அவர். கத்தியிருக்கிறார், ஒருவரும் வரவில்லை. கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் வைக்கோலைத் தூக்கிக்கொண்டு கட்டில் ஏறி, ஒரு மணித்தியாலம் தனி ஆளாய் மண்ணைத் திணித்து மிதித்திருக்கிறார். கூட ஒரு ஆம்பிளை நின்றிருந்தால் கட்டு நின்றிருக்கும். என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

தை முடிவதற்குள் உடைப்பை அடைத்தார்கள். பின்மழை அரைக்குளம் தந்தது. எல்லோரும் கோடையில் சிறுபோகம் விதைக்க அந்தத் தண்ணீர் காணாது. யாரையாவது கழிக்க வேண்டும். பள்ளிக்கூடக் கொட்டிலில் கூட்டம் போட்டோம். அந்தப் பெண் மாரியில் விதைத்த காலபோகப் பயிர் முழுக்க மண்ணுக்குள் போயிருந்தது. சிறுபோகமும் இல்லையென்றால் அந்தப் பிள்ளைகளுக்குச் சோறில்லை. அது அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அப்போதுதான் ஒரு கிழவர் எழும்பி, பெண்பிள்ளை கட்டில் கால் வைத்ததால்தான் ஐயனார் கோபித்துக் கட்டை உடைத்தார் என்றார். கொட்டிலுக்குள் எல்லாத் தலையும் ஆடியது. ஐயனாரின் கோபத்துக்கு அவ்வளவு பேரும் ஒரே நாளில் சாட்சி!

கூட்டத்துக்குத் தலைவராக இருந்தவர் கேட்டார்: “பிள்ளை, நீ ஏன் கட்டில ஏறினனி?”

“தண்ணி கசிஞ்சது, ஏறினன்.”

“காவலுக்கு ஆக்கள் நிண்டவைதானே?”

அந்தப் பெண் திரும்பி என்னையே பார்த்தார். மச்சான் முந்திக்கொண்டான். “நாங்கள் கட்டின்ர மற்ற முனையில நிண்டனாங்கள்.” தலைவர் என்னைப் பார்த்தார். “ஓமோ?” என்றார்.

“ஓம்” என்றேன்.

ஸ்டேஷனில் எங்களோடு இடிபட்டவர்கள் அந்தக் கொட்டிலில் நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவன் வாய் திறக்க வேண்டுமே! புருசன் இல்லாத ஒருத்தியைக் கழித்துவிட்டால் தங்களுக்குத் தண்ணீர் கூடும் என்று எல்லோருக்கும் கணக்குத் தெரிந்தது. அந்தப் போகத்துக்கு அவருக்குத் தண்ணீர் இல்லை என்று முடிவாயிற்று. எனக்கும் மச்சானுக்கும் காவலில் கவனக்குறைவு என்று ஆளுக்கொரு தேங்காய் தண்டனை. அவருடைய பங்குத் தண்ணீரில் கொஞ்சம் என் வயலுக்கும் வந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதைத்தேன், வெட்டினேன், தின்றேன்.

அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பளைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்ட அன்று நான் ஐயனார் கல்லடிக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தி அழுதேன். “என்னை மன்னிச்சுக்கொள்” என்று விழுந்து கும்பிட்டேன். மனம் லேசாகிவிட்டது. வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். வெட்கம் கெட்ட பிறவி! கெடுத்தது ஒருத்தியை, மன்னிப்புக் கேட்டது ஒரு கல்லிடம். கடவுளிடம் மன்னிப்புக் கேட்பதைப் போல லேசான வேலை வேறெதுவும் இல்லை, அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்கமாட்டார். நான் இன்றைக்கும் திருநீறு பூசுகிறவன்தான். ஆனால் “எல்லாம் அவன் செயல்” என்று யாராவது என் முன்னால் சொன்னால் பற்றிக்கொண்டு வரும். அந்த உடைப்பு அவன் செயலா? என் செயல்.

ஐந்தாறு வருசம் கழித்துப் பளைச் சந்தையில் அவரைக் கண்டேன். சாக்கை விரித்து மரவள்ளிக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. திரும்பிப் போய்விடத்தான் முதலில் கால் எழுந்தது. எப்படியோ கிட்டப் போனேன்.

“அக்கா, உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு நாங்கள் கட்டில நிக்கேல்லை. ஸ்டேஷனுக்கு நடிகரைப் பாக்கப் போனனாங்கள்.”

“தெரியும் தம்பி” என்றார். “நீங்கள் ரெண்டு பேரும் சைக்கிளில போறதை வளவுக்குள்ள நிண்டு கண்டனான். கட்டில ஒருத்தரும் இல்லையே எண்டுதானே நான் பாக்கப் போனனான்.”

“தெரிஞ்சும் கூட்டத்தில ஏன் சொல்லேல்லை?” என்று அவரையே கேட்டேன். அந்த நேரத்திலும் அவரைத்தான் கேட்டேன், பாருங்கள்.

“நான் சொன்னால் ஆர் நம்புவினம்? கட்டில ஏறினதை மறைக்கப் பொய் சொல்லுறாள் எண்டிருப்பினம். உங்களிட்டைக் கேக்கேக்குள்ள நீங்கள் சொல்லுவியள் எண்டு நினைச்சன். அதுதான் உங்களையே பாத்துக்கொண்டு நிண்டனான்.”

பிறகு எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ தம்பி, ஆக்கள் கிழங்கு வாங்க வருகினம்.”