மணி அடிக்காத நாளில் மஞ்சுஷா சேச்சியின் கண்கள்

எங்கள் ஊரில் மஞ்சுஷா சேச்சியைத் தெரியாதவர் இல்லை. படகுத்துறையை ஒட்டிய சேவை மையத்தில் முதல் கணினி அவருடையது, அடுத்தது என்னுடையது. ரேஷன் கார்டு, நிலவரி, சான்றிதழ் என்று நாள் முழுக்கத் திரையையே பார்த்ததில், போன வருஷம் அவர் கண்ணில் மணல் விழுந்த மாதிரி எரிச்சல். மாலையானால் தலைவலி வேறு. "இருபது நிமிஷத்துக்கு ஒருக்கா தூரத்துல எதையாவது பாருங்க. கண்ணை இமைக்க மறக்காதீங்க" என்றார் டாக்டர்.

வேலையில் மூழ்கினால் யாருக்கு அது ஞாபகம் இருக்கும்? சேச்சிதான் வழி கண்டுபிடித்தார். பயணிகள் படகு துறைக்கு வரும்போதெல்லாம் கண்டக்டர் மணியடிப்பார். மணி கேட்டதும் சேச்சி நாற்காலியைத் திருப்பி, அக்கரைக் கள்ளுக்கடைப் பலகையைப் பார்த்து நிதானமாக இமைப்பார். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் சட்டை செய்யமாட்டார்.

"குடிகாரன்கூட அந்தக் கடையை இவ்ளோ ஆசையா பாக்கமாட்டான் சேச்சி" என்று சீண்டுவேன்.

"போடீ பிரின்சி! மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் உனக்காகத்தான் வழி பாத்துட்டிருக்கான்."

எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

ஓணம் முடிந்த கையோடு வள்ளம்களி, அதுதான் படகுப் பந்தயம், வந்தது. போன தடவை யார் ஜெயித்தது என்பதில் தெக்கேக்கரை, வடக்கேக்கரை என இரு கரைக்காரர்களும் துடுப்பாலேயே அடித்துக்கொண்டதால், இந்த முறை எல்லைக்கோட்டில் கேமரா வைத்தார்கள். திரையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மஞ்சுஷா சேச்சி, உதவிக்கு நான். அவர் புருஷன் ரெஜிகுமார் தெக்கேக்கரை வள்ளத்தில் துடுப்பு போடுகிறவர். ஆனாலும் வடக்கேக்கரைக்காரர்கள் சரி என்றார்கள். ரேஷன் கார்டு திருத்த வந்த அதே புருஷனை வரிசையின் கடைசியில் நிற்கவைத்தவர் ஆயிற்றே!

காலையிலிருந்து பந்தயத்துக்குப் பின் பந்தயம். ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். மாலையில் இறுதிப் போட்டி. தெக்கேக்கரையும் வடக்கேக்கரையும் ஒட்டிப் பிறந்தவை போலப் பாய்ந்து வந்தன. தெக்கேக்கரை ஜெயித்துப் பல வருஷமாகிவிட்டது. ரெஜிகுமார் ஒருமுறைகூடக் கோப்பையைத் தொட்டதில்லை. "ஆர்ப்போ... இர்ரோ!" என்று இரண்டு கரையும் அலறின. இரண்டும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டின. அடுத்த நிமிஷம் மொத்தக் கூட்டமும் எங்கள் பந்தலுக்குள் வந்து நின்றது.

சேச்சி படத்தை நிறுத்தினார். கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுடீ" என்றார் மெதுவாக. "நம்ம வள்ளம் முந்தின மாதிரி இருக்கு."

"அப்ப அதையே சொல்லிடுங்க சேச்சி!" என் கால் தரையில் நிற்கவில்லை.

மைக்கைக் கையில் எடுத்தவர் சட்டென்று என்னைப் பார்த்தார். "இன்னைக்கு மணியே அடிக்கலையேடீ!"

எப்படி அடிக்கும்? வள்ளம்களி நாளில் பயணிகள் படகு ஏது? காலையிலிருந்து ஒருமுறைகூட அவர் தலையைத் திருப்பவில்லை. எனக்கும் அது உறைக்கவில்லை.

சேச்சி மைக்கை வைத்துவிட்டு எழுந்தார். திரைக்கு முதுகைக் காட்டி நின்று, தூரத்து வயலைப் பார்த்து இமைக்கத் தொடங்கினார்.

"இதுவா வேடிக்கை பாக்குற நேரம்?" என்று ஒருவர் கத்தினார்.

"புருஷனைக் காப்பாத்த யோசிக்கிறாங்கப்பா!" என்று இன்னொரு குரல்.

சேச்சி அசையவே இல்லை. கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி தூரத்தைப் பார்த்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒரே பார்வைதான்.

"வடக்கேக்கரை. ஒரு கை அகலம் முன்னாடி."

மைக்கில் அவர் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. திரையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி வைத்தார். யாரும் வாய் திறக்க முடியாத அளவுக்குத் தெளிவாக இருந்தது படம். வடக்கேக்கரை துள்ளிக் குதித்தது.

நீர் சொட்டச் சொட்ட ரெஜிகுமார் வந்து நின்றார். "அந்தக் கண்ணு இன்னும் அஞ்சு நிமிஷம் கெட்டே இருந்திருக்கக் கூடாதாடீ?"

"என் கண்ணு சரியாயிடுச்சு. அடுத்த வருஷம் நீங்க அந்த ஒரு கையைச் சரி பண்ணுங்க."

அவர் சிரித்துவிட்டார். நானும் தெக்கேக்கரைக்காரிதான். அழுதுகொண்டே கைதட்டினேன்.