அவிழ்த்துப் பார்க்காத கட்டு

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் எனக்கு வேலை. சூளையிலிருந்து வரும் கோப்பைகளை விரலால் தட்டிப் பார்த்து, விரிசல் விட்டதை ஒதுக்க வேண்டும். பளபளப்பை நான் நம்பவே மாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அப்போது என் மனைவி கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மெட்ராஸில் ஆபரேஷன் செய்து, இடுப்பு மூட்டில் உடைந்த எலும்பு முனைக்குப் பதிலாக எஃகுக் குண்டு ஒன்றைப் பொருத்தினார்கள். நன்றாகவே நடந்தாள். நாலாவது மாதம், தையல் போட்ட இடத்தில் சின்னதாக வாய் திறந்து சீழ் வடிந்தது. மறுபடி மெட்ராஸ். கிழித்துச் சுத்தம் செய்து, ஊசி போட்டார்கள். ஆறியது. மறுபடி வடிந்தது. இரண்டாம் முறை சுத்தம் செய்த டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "பத்து நாள்ல காயணும். காயலேன்னா உடனே கூட்டிட்டு வாங்க. உள்ளே சீழ் தங்கினா குண்டையே எடுக்க வேண்டியிருக்கும்."

கட்டு மாற்றுவதை அவளே பார்த்துக்கொண்டாள். நான் வேலை முடிந்து வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "காஞ்சிடுச்சா?" என்று கேட்பேன். "இன்னும் ஈரமா இருக்குதுங்க" என்றால் என் முகம் தொங்கிப்போகும். சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவேன்.

ஒன்பதாம் நாள் "காஞ்சிடுச்சுங்க" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்ப் பூ வாங்கி வந்தேன். பிறகு தினமும் அதே கேள்வி, அதே பதில்.

ஒரு மாதம் போனது. ஒரு மத்தியானம் கடும் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தவளுக்குப் புடவை மாற்றும்போதுதான் பார்த்தேன். என் பழைய வேட்டியைக் கிழித்து, நாலாக மடித்துக் கட்டியிருந்தாள். துணி முழுக்கச் சீழ்.

மெட்ராஸில் கண் விழித்தவளிடம், "ஏன் சொல்லல?" என்று கத்தினேன்.

"ஈரம்னு சொன்னா நீங்க சாப்புடாம படுத்துக்குறீங்களே" என்றாள்.

குண்டை எடுத்துவிட்டார்கள். சீழ் நின்றது. ஆனால் கால் இரண்டு அங்குலம் குட்டையாகிப்போனது. கடைசி வரை கோல் ஊன்றித்தான் நடந்தாள். நான் புலம்பினால், "உசிரு இருக்குதில்ல, வுடுங்க" என்று சிரிப்பாள். ஒருநாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை.

ஊரார் குடிக்கும் கோப்பையை எல்லாம் தட்டிப் பார்த்தவன், ஒரு நாள்கூட அந்தக் கட்டை அவிழ்த்துக் காட்டச் சொல்லவில்லை. தினமும் அவளுக்காகத்தான் கேட்கிறேன் என்று நினைத்திருந்தேன். என் நிம்மதிக்காகத்தான் கேட்டிருக்கிறேன் என்பது அவள் இல்லாத இந்த வீட்டில் இப்போதுதான் புரிகிறது.