மேரி ஆன்ட்டிக்குக் குரல் கொடுத்தது யார்?

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் நான் என் தே தாரிக் டீயைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுகிற ஆள். பயத்தினால் இல்லை, வாய்விட்டுச் சிரித்துச் சொல்கிறவர் மனதைப் புண்படுத்திவிடுவேன் என்பதால். என் உடம்பைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும், என்னைத் தூக்கிப் போக எந்தப் பேய்க்கும் தெம்பு இருக்காது. அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் நம்பவில்லை என்றால் வருத்தமே இல்லை, எனக்கே பாதி நாள் நம்பிக்கை வருவதில்லை.

லாரி ஓட்டி முதுகு போன பிறகு லிங்கி என்கிற ஊர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பழைய ரப்பர் தோட்டத்து பங்களாதான், சுற்றிலும் இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனை. குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, யாரும் விழாமல் பார்த்துக்கொள்வது, எல்லாவற்றுக்கும் மேலே, யாரும் காணாமல் போகாமல் பார்த்துக்கொள்வது. லாரியில் ஏற்றிய சாமான் இறங்கி நடந்து போகாது, இங்கே போகும், அதுதான் வித்தியாசம்.

மத்தியான டீக்குப் பிறகு ஆட்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது இல்லத்தின் விதி. நான் எண்ணினால் ஒருவரும் ஓரிடத்தில் உட்கார மாட்டார்கள். அந்தச் சிக்கலைத் தீர்த்து வைத்தவர் மண்டோர் ஐயா. தோட்டத்தில் ரப்பர் மரம் சீவுகிறவர்களை மேய்த்தவர், இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார். பெற்ற பிள்ளைகளின் பேர் மறந்துவிட்டது, ஆனால் பெரட்டு மறக்கவில்லை. பெரட்டு என்றால் தோட்டத்தில் வேலைக்குப் போகும் முன் ஆளை நிறுத்திப் பேர் கூப்பிடுவது. ஒருநாள் அவராகவே "பெரட்டு!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், படுத்திருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அன்றிலிருந்து தினமும் பின்பக்கத்து வராந்தாவில் அவர் பேர் கூப்பிடுவார், ஒவ்வொருவரும் "இருக்கேன்" என்பார்கள். வோங் அங்கிளுக்குத் தமிழும் தெரியாது, காதும் கேட்காது, பக்கத்து ஆள் இடித்ததும் கையைத் தூக்குவார். மேரி ஆன்ட்டிக்கு வாதம் வந்து பேச்சு போய்விட்டது, அவர் ஊன்றுகோலால் தரையை ஒரு தட்டு தட்டுவார்.

அன்றைக்கு டீ முடிவதற்குள் மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது. கரண்டும் போனது. நானும் என்கூட வேலை செய்யும் மாலதியும் கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்து பார்த்தால், மேரி ஆன்ட்டியின் நாற்காலி காலி. பின்பக்கத்து கேட் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. அதன் தாழ்ப்பாள் சரியில்லை என்று இல்லத்தை நடத்தும் மேடத்திடம் சொல்லி, புதுசு வரும்வரை நானே ராஃபியா கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தேன். கயிறு தரையில் கிடந்தது.

"அண்ணே, ரோட்டுப் பக்கம்தாண்ணே போயிருக்கும்! சர்ச்சுக்குப் போற ஞாபகத்துல பஸ் ஸ்டாப்புக்குப் போயிருக்கும்!" மாலதி குடைகூட எடுக்காமல் முன்பக்கம் ஓடினாள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மற்றவர்களைத் தனியாக விட்டுவிட்டு இரண்டு பேரும் ஓட முடியாது. ஒருத்தரைத் தேடப் போய் இன்னொருத்தரை விழவைத்தால் அது எந்த ஊர் நியாயம்? வராந்தாவில் நின்றுகொண்டு "மேரி ஆன்ட்டி!" என்று கத்தினேன். தகரக் கூரை மேல் விழுகிற மழையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கேட்டாலும் என்ன, பதில் சொல்ல அவருக்கு வாய் ஏது? கோலைத் தட்டினாலும் இந்த மழையில் யாருக்குக் கேட்கும்? மேகம் கட்டி இருட்ட வேறு ஆரம்பித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மண்டோர் ஐயா, "பெரட்டு!" என்கிறார்.

"ஐயா, இப்ப வேணாம் ஐயா. மேரி ஆன்ட்டியக் காணோம்."

"ஆளக் காணோம்னாதான்டா பெரட்டு! ஆளு இருந்தா எதுக்கு? தள்ளி நில்லு, மறைக்காத!"

தள்ளி நின்றேன். வேறு என்ன செய்வது? அவர் வழக்கம்போல ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார், ஒவ்வொருவரும் மழையை மீறி "இருக்கேன்" என்றார்கள். பிறகு, "மேரி!"

நம்பினால் நம்புங்கள். அந்த மழைச் சத்தத்துக்கு நடுவே, ரோட்டுப் பக்கம் இல்லை, நேர் எதிர்ப்பக்கம், பழைய பால் கொட்டாய் இருக்கிற திசையிலிருந்து ஒரு பெண் குரல். அந்தக் காலத்தில் சீவி எடுத்த ரப்பர் பாலைக் கொண்டுவந்து எடை போட்ட இடம் அது, இப்போது பாதிக் கூரை இல்லை, பாம்புதான் குடியிருக்கிறது. அங்கிருந்து, மரத்துக்கு மரம் கூப்பிடுகிற மாதிரி இழுத்து, "இங்க இருக்கா...!"

சாட்சி இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது, வராந்தா நிறைய இருக்கிறது, எல்லாருக்கும் மறதி நோய். புத்தி தெளிவாக இருக்கிற ஒரே ஆள் வோங் அங்கிள். யாரும் இடிக்காமலேயே அவர் பால் கொட்டாய்ப் பக்கம் கையைக் காட்டி, "சானா! சானா!" என்றார். மலாயில் அங்கே, அங்கே என்கிறார். அவருடைய காது மிஷின் என் சட்டைப் பையில் இருந்தது. பாட்டரி மாற்ற நான்தான் வாங்கி வைத்திருந்தேன்.

சக்கர நாற்காலிகளுக்கு எல்லாம் பிரேக் போட்டுவிட்டு ஓடினேன். என் ஓட்டத்தை நீங்கள் பார்த்ததில்லை, பார்த்தவர்கள் அதை நடை என்பார்கள். கொட்டாய்க்குப் பின்னால் பெரிய லோங்காங், மழை பெய்தால் தோட்டத்துத் தண்ணீர் முழுக்க அந்த வடிகால் வழியாகத்தான் போகும். உள்ளே மேரி ஆன்ட்டி. தண்ணீர் நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. ஒரு கையால் கரையில் இருந்த வேரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், வாதம் வந்த கை அது, டீ கப்பைக்கூடப் பிடிக்க முடியாத கை. நான் குனிந்து தூக்கினேன். என் எடை முதன்முதலாக யாருக்காவது உபயோகப்பட்டது அன்றைக்குத்தான்.

சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. "யாரது? யாருங்க?" என்று கேட்டேன். மழைதான்.

துடைத்து, உலர்ந்த துணி மாற்றி, டாக்டரை வரவழைத்துப் பார்த்ததில் சிராய்ப்பைத் தவிர ஒன்றும் இல்லை. மேடம் மறுநாளே இரும்புத் தாழ்ப்பாள் போட்டார், அது திறந்தால் மணி அடிக்கும். பால் கொட்டாய்க்கு வேலியும் வந்தது. எல்லாம் சரி, குரல்? செம்பனைக்குலை வெட்டுகிறவர்கள் யாராவது இருந்தார்களா என்று விசாரித்தேன். அந்த மழையில் ஒருவரும் காட்டில் இல்லை, இருந்தாலும் அவர்களில் தமிழ் பேசுகிறவர் யாரும் இல்லை. மேரி ஆன்ட்டியிடம் கேட்டேன். கோலால் தரையில் ஒரு தட்டு. அதை நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

கடைசியாக மண்டோர் ஐயாவைக் கேட்டேன்.

"இதுல என்னடா அதிசயம்? எங்க பெரட்டுல ஒருத்தி வரலன்னா இன்னொருத்தி கொரல் குடுப்பா, இங்கதான் இருக்கான்னு. இல்லன்னா அன்னிக்கு அவளுக்கு வேல போயிரும்."

"யாரு ஐயா குடுத்தது?"

"யாருன்னு நான் தலைய தூக்கிப் பாக்க மாட்டேன். பாத்தா வெரட்டணும்லா."

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் பெரட்டில் எல்லாப் பேரும் முடிந்த பிறகு, "சேகரு!" என்றார். நான்தான் சேகர். நானும் கை கட்டி நின்று "இருக்கேன்" என்றேன், மாலதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றிலிருந்து என் பேர்தான் கடைசி.

அப்புறம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டு பகாவ் போனேன். திரும்பி வந்ததும் மாலதி என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"அண்ணே, வெளையாடாம சொல்லுங்க. நேத்து டீ நேரத்துக்கு இங்க வந்தீங்களா?"

"பந்தியில உக்காந்திருந்தேன்மா. ஏன்?"

"உங்க பேர கூப்பிட்டாரு. நான் லீவுன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள பின்னாடியிருந்து ஒரு பொம்பள கொரல், 'இங்க இருக்கான்'னு. அந்த மழ நாள்ல எனக்கு ஒன்னும் கேக்கலண்ணே, நீங்க கத விடுறீங்கன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு லீவு நாளில் எங்கே இருந்தாலும், டீ நேரம் வந்தால் வாய்க்குள் மெதுவாக "இருக்கேன்" என்று சொல்லிவிடுகிறேன். எனக்காக யாரோ ஒருத்தி ஏன் சிரமப்பட வேண்டும்? தெமியாங்கில் முடிவெட்டுகிற கடையில் ஒருமுறை சொல்லப்போய், கத்தரியோடு நின்றவர் "என்னண்ணே?" என்று கேட்டு, நான் இருமிச் சமாளித்தேன்.

லீவு முடிந்து வந்ததும் மாலதி சொல்கிற கணக்கைப் பார்த்தால், நான் சொல்லிவிட்ட நாட்களில் அங்கே குரல் வருவதில்லை. மறந்துபோன நாட்களில் வருகிறது. எந்தெந்த நாள் நான் மறந்தேன் என்று அவளிடம் இதுவரை நான் சொன்னதே இல்லை.