ஏசித் தண்ணீரில் பூத்த ஐஸ் பூ

என் மகள் இருக்கும் ஊரில் வருஷத்தில் நாலைந்து மாதம் பனி கொட்டும். கல்யாணமாகிப் போன புதிதில் ஒருநாள் வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டு வீடியோ காலில் பேசினாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு செடி. கிளைக்குக் கிளை வெள்ளைப் பூ. சின்னச் சின்னப் பூக்கள் நூற்றுக்கணக்கில் நெருங்கி, கோயில் வாசல் கடைகளில் குங்குமத்தைக் குவித்து வைத்திருப்பார்களே, அப்படிக் கூம்பு கூம்பாக நின்றன. அவள் மாமியாரைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். என் காதில் ஏறவில்லை.

"ஏட்டி, கொஞ்சம் தள்ளி நில்லு. பொறத்த நிக்கது என்ன பூவு?"

"அதுவாம்மா? ஹைட்ராஞ்சியா. பனியில மூடி வெறுங் குச்சியா நிக்கும். செத்துப்போச்சுன்னுதான் நானும் நெனச்சேன். வெயில் வந்ததும் துளுத்துட்டு."

நான் ஆசைப்பட்டதை அவள் மனதில் வைத்திருக்கிறாள். அந்தக் கார்த்திகையில் மலைப்பக்கத்து நர்சரி ஒன்றிலிருந்து எங்கள் சங்கரன்கோவில் வீட்டுக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. உள்ளே ஈர நாரில் சுற்றிய, முழங்கை நீளச் செடி. எட்டு பத்து இலை இருந்தால் அதிகம்.

என் கணவர் டிரைவர். ராஜபாளையம் ரூட்டில் பஸ் ஓட்டுகிறார். டூட்டி முடிந்து வந்தவர் செடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஐஸுக்குள்ள கெடந்து பொழைக்கும், சரி. பங்குனி வெயிலுக்குள்ள கெடந்து பொழைக்குமா?"

"பொழைக்கும்" என்றேன். எனக்கும் தெரியாதுதான்.

முன்வாசலில், நல்ல வெயில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தேன். எங்கள் ஊர்க் கரிசல் மண்ணில் தண்ணீர் தேங்கிவிடும் என்று மகள் சொன்னதால் செம்மண்ணும் தேங்காய் நார்த்தூளும் மக்கின சாணமும் கலந்து பெரிய தொட்டியில் நட்டேன். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். துணி கொடுக்க வருகிற பெண்களெல்லாம் நின்று விசாரிப்பார்கள். ஹைட்ராஞ்சியா என்று சொன்னால் யார் வாயிலும் நுழையவில்லை. "பனியில வளருதது" என்பேன். "அப்போ ஐஸ் பூவா அக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள். அதுவே பெயராகிவிட்டது.

மாசியில் இலை மஞ்சளாயிற்று. நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, மற்ற இடமெல்லாம் எலுமிச்சம்பழ நிறம். பங்குனி பிறந்ததும் ஓரங்கள் கருகி அப்பளம்போல நொறுங்கின. எங்கள் போர் தண்ணீர் அப்படி. குடத்தில் பிடித்து வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். தொட்டி மண்மேலும் அதே வெள்ளை பூத்துக் கிடந்தது. குடிதண்ணீர்க் குழாயோ நினைத்த நாளில் வரும். அதை எடுத்துச் செடிக்கு ஊற்ற எனக்கு மனசு வராது. சித்திரையில் நாலு இலைதான் மிச்சம்.

இந்த இடத்தில் பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வீட்டு அண்ணாச்சி டயர் கடை வைத்திருந்தவர். அவர் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன், அவளும் என்னை அப்படித்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து. சந்தைப் பார்த்த ஜன்னலோரம்தான் என் தையல் மிஷின். அவர்கள் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி எடுத்துக் கட்டியதும் என் ஜன்னலுக்கு வந்த வெளிச்சம் போய்விட்டது. பகலிலேயே டியூப் லைட் போட்டால்தான் ஊசியில் நூல் கோக்க முடியும். கட்டும்போதே கேட்டேன். "எங்க இடத்துலதான மதினி கெட்டுதோம்" என்றாள். நியாயம்தான். நியாயமாக இருந்ததாலேயே கோபம் தீரவில்லை. அவள் ஜாக்கெட்டை வேறு கடைக்குக் கொடுக்க ஆரம்பித்தாள், நான் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்தினேன். அப்படியே சில வருஷம் ஓடிவிட்டது.

அந்தச் சித்திரையில் அண்ணாச்சிக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது வலப்பக்கம் விழுந்திருந்தது, பேச்சும் போயிருந்தது. என் கணவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நான் போகவில்லை. வெக்கை அவருக்கு ஆகாது என்று மாடி அறையில் ஏசி மாட்டினார்கள். அது பகல் முழுவதும் ஓடும். அதன் தண்ணீர் வருகிற பைப்பைச் சந்துக்குள் விட்டிருந்தார்கள். சொட்டுச் சொட்டாக விழுந்து எங்கள் சுவரில் தெறிக்கும். தையல் அறைச் சுவர் உள்பக்கம் வரை ஈரம் ஏறிவிட்டது.

ஒருநாள் மதியம் சந்தில் நின்று மேலே பார்த்துச் சத்தம் போட்டேன்.

"ஏன் மதினி, உங்க ஏசித் தண்ணி எங்க செவத்துல வடியுதே, பாக்கியளா இல்லையா?"

ஜன்னல் திறந்தது. சண்டைக்கு வருவாள் என்றுதான் நினைத்தேன். தலை கலைந்து, கையில் பால் டம்ளரோடு நின்றாள்.

"அவியளுக்கு வெக்கை தாங்கல மதினி. நான் கவனிக்கல. பிளம்பர வரச் சொல்லுதேன்."

அவ்வளவுதான் சொன்னாள். குரலில் ஒரு வீம்பும் இல்லை. பிளம்பர் வருகிறவரை இருக்கட்டும் என்று ஒரு வாளியைக் கொண்டுவந்து பைப்புக்கு அடியில் வைத்தேன். சாயங்காலத்துக்குள் வாளி நிரம்பிவிட்டது. இவ்வளவு தண்ணீரைக் கொட்டவா என்று, சாகக் கிடந்த ஐஸ் பூவுக்கு ஊற்றினேன். தினமும் ஊற்றினேன்.

கணுவில் ஒரு பச்சை முளை தெரிந்ததும் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சிரித்தாள்.

"ஏசித் தண்ணி மழைத் தண்ணி மாதிரிம்மா. உப்பே கெடையாது. அதான் அதுக்குப் புடிச்சிருக்கு. மத்தியான வெயில் மட்டும் படாம வையி."

மத்தியான வெயில் படாத இடம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்தச் சந்து. காலையில் கொஞ்ச நேரம் சாய்ந்து வெயில் விழும், அப்புறம் அவர்கள் மாடியின் நிழல் வந்து மூடிக்கொள்ளும். என் கணவரும் நானும் தொட்டியை உருட்டிக்கொண்டு போய் அங்கே வைத்தோம். ஈரம் காயாமலிருக்க மண்மேல் கடலைத்தோலைப் பரப்பினேன். ஆனி பாதியில் இலைகள் கரும்பச்சையாக, உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டன.

பிளம்பரை நான் மறந்தே போயிருந்தேன். ஒரு காலையில் சந்துக்குள் ஏணி சாத்தும் சத்தம். ஓர் ஆள் மேலே ஏறி பைப்பைக் கழற்றப் போகிறார். கையில் கத்தரிக்கோலோடு ஓடினேன்.

"அண்ணே, எறங்குங்க! அதுல கை வைக்காதீங்க!"

அவர் பயந்துபோய் ஏணியிலேயே நின்றுவிட்டார். மேலிருந்து மதினி எட்டிப் பார்த்தாள்.

"நீங்கதான மதினி மாத்தச் சொன்னிய?"

"இப்போ மாத்த வேண்டாங்கேன். அந்தத் தண்ணியிலதான் என் செடி உசுரோட நிக்கி."

அவள் என்னைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். பல வருஷத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அவியளும் அந்தச் செடியத்தான் பாத்துக்கிட்டே படுத்திருக்காவ. வந்து பாருங்க" என்றாள்.

நான் போனேன். அண்ணாச்சியின் கட்டிலை ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தார்கள். தலையணையில் சாய்ந்தால் கீழே சந்தும் என் தொட்டியும் தெரியும். ஆள் பாதியாகியிருந்தார். அவருக்குத் திரும்பி வந்திருந்தது ஒரே ஒரு வார்த்தை. எது சொன்னாலும், எது கேட்டாலும் "சரி" என்பார். தண்ணீர் வேண்டுமென்றாலும் சரி, வேண்டாமென்றாலும் சரி. குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் இடது கையை ஜன்னல் பக்கம் காட்டி, "சரி... சரி..." என்றார். மதினி அர்த்தம் சொன்னாள்: "செடி நல்லா வருதாம்."

அதிலிருந்து போக்குவரத்து தொடங்கியது. மதினிக்குக் கடைக்குப் போக வேண்டுமென்றால் நான் போய் அண்ணாச்சி பக்கத்தில் உட்காருவேன். என் ஜன்னலில் இல்லாத வெளிச்சம் அந்த அறையில் ஏராளமாக இருந்தது. ஹெம்மிங், ஹூக் கட்டுகிற வேலையை எல்லாம் அங்கே எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

தை மாதம் மகள் செடியை வெட்டச் சொன்னாள். புதுக் கிளையில்தான் பூ வருமாம். ஒவ்வொரு கிளையிலும் இரண்டு கணு விட்டு மிச்சத்தைக் கத்தரிக்க வேண்டுமாம். எத்தனையோ பட்டுச் சேலையில் தயங்காமல் கத்தரி வைத்திருக்கிறேன், அன்றைக்குக் கை ஓடவில்லை. ஒவ்வொரு கிளையாகத் தொட்டு, மேலே பார்த்தேன். அண்ணாச்சி ஜன்னலில் இருந்தார். "சரி" என்றார். வெட்டினேன்.

அந்தக் கோடை முழுவதும் ஏசியும் ஓய்வில்லாமல் ஓடியது, வாளியும் நிரம்பியது. ஆடியில் மேற்கே மலையில் சாரல் விழுந்து எங்கள் ஊருக்குக் காற்று வருமே, அந்தக் காற்றில் கிளை நுனியில் அரிசிக் குருணைபோல மொட்டுக் கொத்து வந்தது. முதலில் பச்சை. அப்புறம் பாலாடை நிறம். கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஊரே ஜனமாகக் கிடந்த நேரத்தில் அது வெள்ளையாக விரிந்தது. மகள் வீட்டுப் பூவில் பாதி அளவுகூட இல்லை. என் கையளவுக்கு ஒற்றைக் கூம்பு. வாசனையும் கிடையாது.

"பிச்சி, மல்லின்னா தலையில வைக்கலாம். இத என்ன செய்ய?" என்றார் என் கணவர். ஆனால் பஸ் ஸ்டாண்டில் கூட வேலை பார்க்கிறவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்து காட்டினவரும் அவர்தான்.

பூவைக் காம்போடு வெட்டி, டம்ளர் தண்ணீரில் வைத்து மாடிக்கு எடுத்துப் போனேன். அண்ணாச்சி இடது கையால் அதைத் தொட்டார். ஒவ்வொரு சின்னப் பூவாக விரலால் வருடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அன்றைக்கு மட்டும் சரி என்றுகூடச் சொல்லவில்லை. மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டு காபி போடப் போய்விட்டாள்.

மார்கழியில் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார்.

காரியங்கள் முடிந்து உறவெல்லாம் ஊருக்குப் போனபின் அந்த அறையைப் பூட்டிவிட்டார்கள். ஏசி நின்றது. தையில் செடியைக் கத்தரித்தேன். மாசி வரை குளிரில் ஓடிவிட்டது. பங்குனியில் துளிர்கள் மதியம் ஆனால் தலை தொங்கின. குடிதண்ணீரில் கொஞ்சம் மிச்சம் பிடித்து ஊற்றினேன். எங்களுக்கே பற்றாத தண்ணீர். வேறு வழியில்லாமல் போர் தண்ணீரையும் கலந்தேன். மறுபடி இலை மஞ்சள் காட்டியது. மதினியிடம் இதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. புருஷனை இழந்து நிற்கிறவளிடம் போய் என் செடிக்குத் தண்ணீர் இல்லை என்று எப்படிச் சொல்ல? போனால் போகட்டும், ஒரு பூ பார்த்தாயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒருநாள் மதியம் மிஷினில் இருந்தபோது சந்தில் சத்தம் கேட்டது. காலி வாளியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம். மிஷினை நிறுத்திவிட்டு மாடிக்குப் போனேன். அறை திறந்திருந்தது. மதினி அண்ணாச்சியின் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன மதினி, மேலுக்குச் சொகமில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். ரூமத் தொறக்கவே மாட்டேன்னுதான் இருந்தேன். இன்னைக்குத் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனவ கீழ பாத்தேன். செடி தொவண்டு போய்க் கெடக்கு." எழுந்து உட்கார்ந்தாள். "அவிய இருந்தா பாத்துக்கிட்டு இருப்பாவளா? அதான் வந்து போட்டேன். போட்டுட்டுக் கொஞ்சம் சாஞ்சேன். அவிய போனதுக்கப்புறம் இன்னைக்குத்தான் மதினி நல்லா ஒறங்குனேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவள் தினமும் மதியம் அந்த அறையில்தான் படுத்தாள். துணியை எடுத்துக்கொண்டு நானும் போய்விடுவேன். அவள் தூங்குவாள், நான் ஹூக் கட்டுவேன். கீழே வாளி நிரம்பும். மகளிடமும் இதைச் சொன்னேன். அந்த ஊரில் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அவள் செடி பூத்ததும் கூப்பிட்டு, பூவில் நாலு கொத்து வெட்டிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன் என்றாள். அந்த வீட்டுப் பெண் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாளாம்.

போன ஆடியில் எங்கள் செடியில் கிளை எல்லாம் பூ. வெள்ளையாக நின்று, புரட்டாசியில் லேசாக ரோஜா நிறம் ஏறி, பிறகு செடியிலேயே காய்ந்து காகிதம்போல ஆயின. ஒன்றும் உதிரவில்லை. மார்கழியில் அண்ணாச்சிக்கு வருஷத் திவசம். முந்தின நாள் மதினி சந்துக்குள் வந்து நின்றாள்.

"மதினி, காஞ்ச பூவு ரெண்டு தாங்க. படத்துக்குப் பக்கத்துல வைக்கேன். மாலை நாளைக்கே வாடிரும். இது கெடக்கும்லா."

கத்தரிக்கோலை அவள் கையிலேயே கொடுத்தேன். எங்கே வெட்டுவது என்று தெரியாமல் நுனியில் வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் கீழ வெட்டுங்க. கணுவுக்கு மேல."

"வலிக்காதா அதுக்கு?"

"வெட்டுனாத்தான் மதினி வரும்."

வெட்டினாள். பூவை முந்தானையில் வாங்கிக்கொண்டு, "நாளைக்கு இலை போடுததுக்கு முன்னாலயே வந்துருங்க. பாயசம் நீங்கதான் வைக்கணும், எனக்குப் பக்குவம் வராது" என்று சொல்லிவிட்டு நடந்தாள். காலையில் முதல் ஆளாக நான் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.