கொடிமலையிலிருந்து நடந்து இறங்கினோம்

முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சத்தம்தான். பெட்டியின் பலகைத் தரைக்கு அடியில், தண்டவாளங்களுக்கு நடுவே ஓடிய இரும்பு வடம் உருளைகளின் மேல் உரசி எழுப்பிய கரகரப்பு, என் பாதங்கள் வழியாக ஏறி பற்கள் வரைக்கும் வந்து அதிர்ந்தது. எழுபதுகளில், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, பினாங்குக் கொடிமலையில் ஏறிக்கொண்டிருந்த பழைய மலை ரயில் அது.

அப்போது நாங்கள் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் "லயத்து" வீட்டில் இருந்தோம். தம்பிக்குக் கடுங்காய்ச்சல் வந்து பிழைத்தபோது, கொடிமலை உச்சியிலுள்ள முருகன் கோவிலுக்கு அவனைக் கூட்டிவருவதாக அப்பா வேண்டிக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ரயிலேறி, தைப்பிங்குக்கு முன்னால் வரும் சுரங்கக் குகைகளின் இருட்டைக் கடந்து, பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெரியில் கடலையும் தாண்டி மலையடிவாரம் போய்ச் சேர்ந்தோம்.

அம்மாவுக்குப் பயம் என்று ஒன்று இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. விடியாத இருட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தனியாகப் பால்மரம் சீவப் போகிறவர் அவர். பால்வாளி தூக்கும் "காண்டாக் கம்பால்" நாகப்பாம்பை அடித்துப் போட்டுவிட்டு, அடுத்த மரத்துக்கு நடந்தவர். அந்த அம்மா, பெட்டி செங்குத்தாகச் சாய்ந்து ஏறத் தொடங்கியதும் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரே மேலிருந்து இன்னொரு பெட்டி எங்களை நோக்கியே இறங்கி வந்தபோது, இரண்டும் மோதிக்கொள்ளப் போகின்றன என்று நான் கத்தினேன். கடைசி நொடியில் பாதை இரண்டாகப் பிரிந்து அது பக்கத்தில் விலகிப் போனது. உடனிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. கண்களை இறுக மூடியிருந்தார்; கோவிலுக்கென்று உடுத்தியிருந்த மஞ்சள் சேலையின் முதுகு வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. பாதி மலையில் பெட்டி மாறினோம். உச்சியில் இறங்கியபோது என் மணிக்கட்டில் அவருடைய விரல்கள் சிவந்து பதிந்திருந்தன.

அர்ச்சனை முடிந்து, கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிட்ட பிறகு, "கிளம்பலாம், பட்டர்வொர்த்துல சாயங்கால ரயிலப் பிடிக்கணும்" என்றார் அப்பா.

அம்மா எழுந்திருக்கவில்லை. "நீங்க புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போங்க. நான் நடந்தே வாரேன்."

"ஒனக்கென்ன பைத்தியமா? இது என்ன நம்ம தோட்டமா, நடந்து எறங்க?"

"எனக்குப் பயமா இருக்கு. ஒரே ஒரு கம்பியில தொங்குது. செத்தாலும் அதுல ஏற மாட்டேன்."

கோவில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்து, "பாதை இருக்குலா அக்கா, கீழ ஸ்டேஷன் வரைக்கும் போகும். ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், மழை வந்தா கஷ்டம்" என்றார். அப்பா என்னைப் பார்த்து, "நீ அம்மாகூடப் போ" என்றார். தம்பியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் மலை ரயிலை நோக்கி நடந்தார்.

மரங்களுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே மேகம் இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. என் காலில் அட்டை ஏறியது. எங்கோ குரங்குகள் கிளைகளை உலுக்கின. இப்போது பயம் முழுவதும் என்னுடையதாகிவிட்டது. அம்மாவோ மண்ணை மிதித்தவுடனே பழைய அம்மாவாகிவிட்டார்: சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அட்டையைப் பிய்த்தெறிந்து, வேர்களில் கால்வைத்து நிதானமாக இறங்கினார். ஓரிடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. அவர் குனிந்து, இரண்டு பக்கமும் தரையைத் தடவிப் பார்த்தார்.

"வழி தெரியுமாம்மா?"

"தெரியாது. இந்தப் பக்கந்தான் மண்ணு தேஞ்சிருக்கு. வா."

கண்ணுக்குத் தெரியாத அந்தத் தண்டவாளம் பக்கத்தில்தான் எங்கோ இருந்தது. அந்தக் கரகரப்பு மேகத்துக்குள்ளிருந்து கேட்கும், நெருங்கும், விலகிப் போகும். ஒவ்வொரு முறை கேட்டபோதும் வடம் அறுந்துவிட்டது, அப்பாவும் தம்பியும் விழுந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அழுதால் அம்மாவும் பயந்துவிடுவாரோ என்று வாயைப் பொத்திக்கொண்டு நடந்தேன்.

நாங்கள் அடிவார ஸ்டேஷனை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அப்பாவைக் காணோம். பெஞ்சுகளில் இல்லை, கடையில் இல்லை. டிக்கெட் கொடுப்பவரிடம் அம்மா தனக்குத் தெரிந்த மலாயில் கேட்டார். அவர் தெரியாதென்று தலையை ஆட்டினார். அம்மா தண்டவாளத்தின் ஓரம் போய் நின்று மேலே பார்த்தார். உதடுகள் வெளுத்திருந்தன. "அப்பவே முந்திப் போனாங்களே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்க்கத் துணிவில்லாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பெட்டி வந்து நின்றது. கடைசியாக இறங்கியவர் அப்பா. தோளில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"எங்க போனீங்க?" என்று அம்மா கத்தினார்.

"மேல கூட்டம். இப்பத்தான் எடம் கெடச்சுச்சு" என்றார் அப்பா. நாங்கள் ஓடியும் பட்டர்வொர்த்தில் சாயங்கால ரயில் போய்விட்டிருந்தது.

போன மாதம் என் மகளோடு கொடிமலைக்குப் போனேன். மரப்பெட்டிகள் இல்லை, நடுவில் மாறி ஏறுவதும் இல்லை. கண்ணாடி வைத்த புது ரயில், மகள் போனில் ஒருவரிடம் பேசி முடிப்பதற்குள் உச்சியில் கொண்டுபோய் விட்டுவிட்டது. எங்கள் தோட்டத்திலும் பால்மரங்களை அழித்து எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டாயிற்று. லயம் இருந்த இடம் தெரியவில்லை. அம்மா இறந்து நான்கு வருடங்களாகின்றன.

ஈப்போவில் என் வீட்டில் இருக்கும் அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். எண்பதைத் தாண்டியவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குக் கூட்டமெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார். "கீழ வந்து பாத்தேன். மழ வர்ற மாதிரி இருந்துச்சு. மறுபடி ஏறுனேன், எறங்குனேன். தம்பியத் தூக்கிக்கிட்டு மூணு தடவ. ஒங்கம்மா சேல எங்கயாச்சும் தெரியுதான்னு சன்னலோரமே நின்னேன். மேகத்துல ஒண்ணுந் தெரியல."

"ஏம்பா அன்னைக்கே சொல்லல?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எனக்கும் அந்த ரயிலுன்னா பயந்தான். ஏறும்போதெல்லாம் காலு நடுங்கும். எப்படிச் சொல்றது?"

அம்மா இதைத் தெரிந்துகொள்ளாமலேயே போய்விட்டார்.