பலகையின் தலைமாடு

கோப்பிப் பழம் சிவக்கும் காலத்தில் பல்லேகலப் பக்கம் மலைத்தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். கடற்கரைச் சனம் நாங்கள். சட்டி பானையோடு ஒரு பலகையும் வந்தது. அம்மாவும் மாமாவும் சிறுபிள்ளைகளாய் இருந்தபோது கல்யாண முருங்கையில் செதுக்கியது. அதில் குப்புறப் படுத்து, அலையேறிக் கரைக்கு வருவார்களாம்.

மன்னாரிலிருந்து நடந்த வழியில் தம்பிக்குக் காய்ச்சல். அந்தப் பலகையில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். பாதி வழியில் ஒரு மடத்தில் விட்டு வந்ததாக என்னிடம் சொன்னார்கள். அதன்பின் அம்மா பேசவில்லை. பலகை நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் கிடந்தது.

மாமாதான் எடுத்தார். வெடிப்பில் குங்கிலியம் காய்ச்சி ஊற்றினார்.

"ஆத்துல பாறைக்குக் கீழ ஒரு அலை நிக்குது. அக்காவ அதுல ஏத்திப்புடணும்."

அப்பா சொன்னார்: "கோப்பி பறிக்க வந்தியா மாப்ள, கும்மாளம் போட வந்தியா?"

மகாவலி ஆற்றில் பலகை அமுங்கியது. கடல் தூக்குகிற மாதிரி ஆறு தூக்காது. மாமாவுக்கு அது தெரியவில்லை. கனம் என்று சீவினார். சீவச் சீவ இன்னும் அமுங்கியது. பிறகு இருபுறமும் மூங்கில் கட்டினார். மிதந்தது. அலையில் வைத்தால் பலகையின் மூக்கு தண்ணீருக்குள் குத்தியது. முன்பக்கத்தை அடியில் சீவியாக வேண்டும். அது தம்பி தலை வைத்த பக்கம்.

மாமா மரம் சீவும் வாய்ச்சியை எடுத்ததும் அம்மா ஓடி வந்தாள்.

"தலைமாட்டுல கை வச்சே, வெட்டிப்புடுவேன்லே!"

"சரிக்கா. அப்ப இது ஓடாது."

அம்மா அந்தப் பக்கத்தைக் கையால் தடவினாள். பிறகு வாய்ச்சியை அவளே வாங்கினாள். மெல்ல மெல்லச் சீவினாள். ஒரு சீவலையும் கீழே விடவில்லை.

மறுநாள் விடியலில் ஆறெல்லாம் பனி. அம்மா குப்புறப் படுத்தாள். அலை அவளை ஏந்திக்கொண்டது. ஆறு ஓடிக்கொண்டே இருந்தது, அவள் மட்டும் ஒரே இடத்தில். போகிறாளா வருகிறாளா தெரியவில்லை. பனி மூடும், அம்மா இல்லை. பனி விலகும், இருப்பாள்.

கரையேறி என்னைக் கட்டிக்கொண்டாள். "குளிருதுடி" என்றாள்.

"தம்பி வந்தா அவனையும் ஏத்தலாம்மா" என்றேன். மாமா மூங்கில் கட்டை அவிழ்க்கக் குனிந்துகொண்டார்.

சீவலைத் துணியில் முடிந்து கூரையில் செருகியிருந்தாள். அடுப்புக்கு என்று நினைத்தேன். மழை பிடித்தது. ஈர விறகை ஊதி ஊதி அம்மா இருமினாள். அந்த முடிச்சை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, நெஞ்சோடு கொஞ்சம் வைத்திருந்து, மறுபடியும் கூரையிலேயே செருகினாள்.

எதற்கு வைத்தோம் என்பதை அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.